ஈய அங்கி

தேக்கா சந்தைக்குப் போக வேண்டிய பேருந்து சுங்கை ரோடு பக்கம் திரும்பியதும் முதலில் சத்தம் போட்டது, கதவோரம் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சீனக் கிழவி. "ஆன்ட்டி, ராங் வே லா!" என்றாள். பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல், "ஏம்மா, தேக்கா போகாதா?" என்றது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த தாரணிக்கு இரண்டும் கேட்டன. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதினோரு வருடமாக ஓட்டுகிற தடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று டிப்போ கேன்டீனில் கோப்பி குடித்தபடி அவளே பீற்றிக்கொண்ட தடம். அன்றைக்குச் சிலிகி ரோட்டு முனையில் விளக்கு பச்சையானபோது, நேராகவா வலப்பக்கமா என்று ஒரு கணம் தடுமாறினாள். பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்தது. கை அது பாட்டுக்குத் திருப்பிவிட்டது. சாலையோரமாக நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்துவிட்டாள். திட்டிக்கொண்டே இறங்கியவர்கள் உண்டு, கைபேசியில் படம் பிடித்தபடி இறங்கியவர்களும் உண்டு. அந்தச் சீனக் கிழவி மட்டும் இறங்காமல் நின்று, "யூ ஓகே ஆர் நாட்?" என்று கேட்டாள்.

தாரணி நேராக வந்து நின்றது சுசீலாவின் வீட்டு வாசலில். குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி புளோக், மூன்றாம் மாடி. தாரணி வீடு அதே புளோக்கில் ஆறாம் மாடி. சுசீலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீருடையோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் கீரையைக் கீழே வைத்தாள்.

"என்னடி, இந்நேரத்துல?"

"பஸ்ஸ நிறுத்திட்டேன் பெரிம்மா."

"ரிப்பேரா?"

"பஸ்ஸுக்கு இல்ல."

சுசீலாவுக்கு எழுபத்தொன்பது வயது. தாரணிக்கு அவள் ரத்த சொந்தம் கிடையாது. தாரணியின் அம்மா சிவகாமசுந்தரியும் சுசீலாவும் ஒரே எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவர்கள், அவ்வளவுதான். ஆனால் சுசீலாவுக்குப் பிள்ளை இல்லை. சிவகாமிக்கு இருந்தது ஒரே பெண். அந்தப் பெண் நடக்கப் பழகியது, சடங்கானது, கல்யாணம் ஆனது, புருஷன் அவளை விட்டுப் போனது, பஸ் ஓட்டும் லைசென்ஸ் எடுத்தது எல்லாமே சுசீலாவின் கண் முன்னால்தான். சிவகாமி போய் ஆறு வருடம் ஆகிறது. தாரணியின் மகள் ரக்ஷனாவும் அம்மாவைப் பார்த்துச் சுசீலாவை 'பெரிம்மா' என்றே கூப்பிடப் பழகிவிட்டாள். உறவுமுறைக் கணக்குப் பார்த்தால் இடிக்கும். யாரும் பார்க்கவில்லை.

ஒரு வருடமாகவே தாரணி அங்கங்கே தடுமாறிக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டில் ஏறி எந்த மாடி என்று யோசித்து நின்றாள். சாவியைக் குளிர்பெட்டியில் கறிவேப்பிலைப் பக்கத்தில் வைத்தாள். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். "தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று சுசீலா ஆறுதல் சொன்னாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

மருத்துவமனைக்கு மூவருமாகப் போனார்கள். மருத்துவர் சீனப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். தாரணியிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள், ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். பிறகு நூறிலிருந்து ஏழைக் கழித்து, வருவதிலிருந்து இன்னொரு ஏழைக் கழித்துக்கொண்டே போகச் சொன்னாள்.

தாரணி சிரித்துவிட்டாள். "டாக்டர், இது இப்ப வந்த சீக்கு இல்ல. ஆறாங்கிளாஸ் பி.எஸ்.எல்.இ. பரிட்சையிலயே எனக்கு மேத்ஸ் வரல. ஃபிஃப்டி இயர்ஸா வரல."

மருத்துவரும் சிரித்தாள். ஆனால் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டபோது சிரிப்பு இல்லை. மூளை வயதுக்கு மீறிச் சுருங்கியிருக்கிறது என்றாள். எழுபதில் எண்பதில் வருகிற மறதி நோய், சிலருக்கு ஐம்பதிலேயே வந்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. சிவகாமி சர்க்கரையில் போனாள், சாகிற அன்றைக்குக்கூட யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் மாரடைப்பில்தான் போனார், புத்தியில் குறை இல்லை. இருந்தாலும் சில சமயம் மரபணுவில் ஒளிந்து வரும், ரத்தம் எடுத்துப் பார்க்கலாம், முடிவு வர இரண்டு மாதம் ஆகும் என்றாள் மருத்துவர். இருந்தால், மகளுக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ரக்ஷனாவின் கை தன் வயிற்றுக்குப் போனது. சுசீலா அதைப் பார்த்தாள். அப்படிப் போகிற கையை அவள் ஏற்கெனவே ஒருத்தியிடம் பார்த்திருக்கிறாள்.

"இன்னொரு கேள்வி," என்றாள் மருத்துவர். "இவங்க வயித்துல இருந்தப்ப அம்மாவுக்கு ஏதாவது காய்ச்சல், மருந்து, விபத்து, அந்த மாதிரி? சின்ன வயசுல படிப்புக் கஷ்டம் இருந்ததுன்னு சொன்னாங்க, அதனால கேக்குறேன்."

ரக்ஷனா திரும்பினாள். "பெரிம்மா, உங்களுக்குத்தான தெரியும்? நீங்கதான அப்ப கூட இருந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் சுசீலா. "எல்லாம் நல்லபடியாத்தான் இருந்துச்சு."

சொல்லும்போதே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. வாய் கூசாமல் வந்துவிட்டதே என்று நினைத்தாள். ஐம்பது வருடப் பழக்கம் வேறு எப்படி வரும்?

என்ன நடந்தது என்று இங்கே சொல்லிவிடுவதுதான் முறை. சுசீலாவே சொல்வாள் என்று காத்திருந்தால் நடக்காது.

எழுபத்துநாலாம் வருடம். சிலிகி ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் தனியார் கிளினிக், அதில் ஒரு எக்ஸ்ரே அறை. இப்போது அந்த இடத்தில் ஓட்டல் இருக்கிறது. அந்தக் காலத்து இயந்திரம், அறையை இருட்டாக்கினால்தான் திரையில் உருவம் தெரியும். டாக்டர் அரைமணி நேரம் சிவப்புக் கண்ணாடி போட்டுக் கண்ணைப் பழக்கிக்கொண்டு உள்ளே வருவார். நோயாளிக்குச் சுண்ணாம்புக் கரைசல் போலிருக்கும் பேரியத்தைக் குடிக்கக் கொடுத்து, அது குடலில் இறங்குவதைத் திரையில் பார்ப்பார். காலால் ஒரு மிதியை அழுத்தினால் கதிர் வரும், காலை எடுத்தால் நிற்கும். பெரியவர்கள் சொன்னபடி படுப்பார்கள். குழந்தைகள் படுக்குமா? கத்தும், உதைக்கும், எழுந்து ஓடப் பார்க்கும். அவர்களைப் பிடித்துக்கொள்ளத்தான் சுசீலாவும் சிவகாமியும். தலைப்பக்கம் ஒருத்தி, கால்பக்கம் ஒருத்தி. 'பிடிக்கிற வேலை' என்றே அதற்குப் பெயர்.

கதிரைத் தடுக்கும் ஈய அங்கி இரண்டு இருந்தன. ஒன்று டாக்டருக்கு. மற்றது பிடிக்கிற இருவருக்கும் சேர்த்து. கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கும், தூக்கிப் போட்டால் தோள் இறங்கிவிடும் கனம். இன்னொன்று வாங்கித் தரும்படி கேட்டால் பார்க்கலாம் என்பார்கள். அதனால் அவர்களுக்குள் ஒரு ஒப்பந்தம்: ஒரு வாரம் சுசீலா, ஒரு வாரம் சிவகாமி. திங்கட்கிழமை காலையில் கொக்கியிலிருந்து எடுத்து, முறை யாருடையதோ அவளுக்கு மற்றவள் முதுகுக் கயிற்றைக் கட்டிவிடுவாள். இரண்டு வருடம் அப்படித்தான் போனது, ஒரு பேச்சு மாறவில்லை.

சுவரில் நாலு மொழியில் ஒரு பலகை இருந்தது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சிவகாமியே கேட்பாள். தமிழில் கேட்பாள், மலாயில் கேட்பாள், சந்தையில் கற்ற ஹொக்கியன் சீனத்தில் கேட்பாள். "குளிச்சு எத்தன நாளாச்சு? வயித்துல ஒண்ணும் இல்லியே? மறைக்காம சொல்லுங்க, பிள்ளைக்கு ஆகாது." நாளெல்லாம் ஊரைக் கேட்டவள், தன் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் இரண்டு கரு தங்காமல் போயிருந்தன. தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: மூன்று மாதம் முடிகிறவரை ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. வேலையில் கூட இருக்கிறாளே, கல்யாணமாகி ஏழு வருடமாகியும் வயிறு திறக்காதவள், அவளிடம் ஐந்து மாதம்வரை மூச்சு விடாதே, அவள் கண் பட்டால் கல்லும் கரையும். சிவகாமிக்கு இதில் நம்பிக்கை உண்டோ இல்லையோ, பயம் இருந்தது. மூன்றாவதும் போய்விட்டால் என்ன செய்வாள்?

சுசீலாவுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பேரியத்தில் கலக்கும் எசென்ஸ் வாடைக்குச் சிவகாமி கழிவறைக்கு ஓடினாள். கன்னத்தில் 'அசாம்போய்' என்கிற உலர்ந்த புளிப்புக் காயை ஒதுக்கிக்கொண்டு வேலை செய்தாள், அது இல்லாமல் அவளால் நிற்க முடியவில்லை. டாக்டர் மிதியை அழுத்தும்போது உடம்பை ஒருக்களித்தாள், ஒரு கை வயிற்றுக்குப் போனது. முதல் நாள் சுசீலாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்றைக்குச் சொல்வாள், நாளைக்குச் சொல்வாள் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. "உடம்புக்கு என்னடி?" என்று கேட்டும் பார்த்தாள். "பித்தம்க்கா," என்றாள் சிவகாமி, முகத்தைப் பார்க்காமல்.

பித்தமாம். ஏன் மறைக்கிறாள் என்று சுசீலாவுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் எத்தனை வளைகாப்பில் அவளை ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் மற்றவர்கள். ஒரே டப்பாவில் சோறு தின்றவளும் அப்படியே நினைத்தால்? அன்றைக்கு முழுக்க நெஞ்சு எரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை முறை சிவகாமியுடையது. சுசீலா சீக்கிரமே வந்து அங்கியைத் தானே மாட்டிக்கொண்டு நின்றாள். "முதுகு வலிக்குதுடி. இது இறுக்கிப் பிடிச்சா சொகமா இருக்கு. இந்த வாரமும் நானே போட்டுக்கிறேன்" என்றாள். ஈயத்தைச் சுமந்தால் முதுகு வலி போகும் என்று எந்த வைத்தியன் சொன்னான்? சிவகாமி அங்கியைப் பார்த்தாள். பிறகு சுசீலாவைப் பார்த்தாள். அங்கியைக் கேட்டால் சுசீலா ஏன் என்று கேட்பாள், சொல்ல வேண்டிவரும். "சரிக்கா," என்றாள்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கழற்றிக் கொடுத்திருப்பாள். சுசீலா இதைத் தனக்குத்தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறாள், அது உண்மையும்கூட. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அடுத்த வாரமும் முதுகு வலித்தது. அதற்கடுத்த வாரமும். அது பள்ளி விடுமுறைக் காலம், குழந்தைகள் வரிசையாக வந்தார்கள். இருட்டில் டாக்டர் மிதியை அழுத்தும்போதெல்லாம், வெறும் பருத்திச் சேலையோடு எதிரே நின்றவளின் மூச்சு சுசீலாவுக்குக் கேட்டது. அவள் ஈயத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, கேளேன்டி, கேளேன்டி என்று மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் மாதம் சிவகாமி அல்வா கொண்டுவந்தாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா, மாமியா..." என்று அழுதாள். சுசீலாவும் அழுதாள். அன்றைக்கே தன் கையால் அங்கியைக் கழற்றி அவளுக்குக் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அதை அவள் தொடவில்லை. முன்பே தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை. தாரணி முழுசாக, கறுகறுவென்று முடியோடு பிறந்தாள். சுசீலா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதி எட்டு வருடம் இருந்தது. பிறகு ஒரு பெரிய மருத்துவமனைக்கு வேலை மாறியபோது ஊழியர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு வைத்தார்கள். ஜப்பானில் அணுகுண்டு விழுந்தபோது தாய் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பற்றி ஒருவர் பேசினார். மூன்றாம் மாதமும் நான்காம் மாதமும்தான் மூளை உருவாகிற சமயம், அப்போது அதிகமாகக் கதிர் பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்றார். கொஞ்சமாகப் பட்டால் என்ன ஆகும் என்று யாரோ கேட்டார்கள். சொல்ல முடியாது என்றார். சுசீலா எழுந்து போய் முகம் கழுவினாள். அந்த 'சொல்ல முடியாது' என்ற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடமும் சோறு தின்றாள்.

இப்போது வேலைக்குப் போகாத தாரணி வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், "தேக்கா போலாம் பெரிம்மா, பாசெஞ்சரா" என்றாள் ஒரு சனிக்கிழமை. எம்ஆர்டி ரயிலில் போனார்கள். ஈரச்சந்தைக்குள் நல்ல கூட்டம், தரை முழுக்கத் தண்ணீர். முகைதீன் பாயின் ஆட்டிறைச்சிக் கடையில் தாரணி முன்தொடையைக் காட்டி, எலும்போடு வெட்டச் சொல்லி வாங்கினாள். அவள் பேசிய பேச்சிலும் செய்த கேலியிலும் ஒரு குறை இல்லை. சுசீலா முருங்கைக்காய் பார்க்கப் போனாள். திரும்பி வந்தால் தாரணி மறுபடியும் அதே கடை முன்னால் நின்று முன்தொடையைக் காட்டிக்கொண்டிருந்தாள், கையில் முதல் பை தொங்குகிறது.

"அக்கா, இப்பதானே லா வாங்கிட்டுப் போனீங்க," என்று சிரித்தார் பாய். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. "சரிசரி, நாளைக்கு ஞாயித்துக்கெழம, விருந்தாளி வர்றாங்கபோல" என்று வெட்டிக் கொடுத்துவிட்டார்.

கோப்பிக் கடையில் உட்கார்ந்ததும் தாரணி இரண்டு பைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு வாங்குனதே தெரியல பெரிம்மா. பாய் பொய் சொல்றாருன்னு நெனச்சேன்."

"ரக்ஷனாவ வரச் சொல்லு. பிரியாணி போட்டுரலாம்."

"நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்க. அதான் உங்ககூட வர்றது. ரக்ஷனா கூட வந்தா எக்ஸாம் வைக்கிறா. இது எந்த ஸ்டாப்பு, அது யாரு, இன்னைக்கு என்ன தேதின்னு." பாலில்லாத கோப்பி ஓவை உறிஞ்சினாள். "பாவம், பயந்துட்டா. எனக்கே பயம் இல்ல, அவளுக்கு ஏன்?"

"உனக்குப் பயம் இல்லியா?"

தாரணி இரண்டு பைகளின் காதுகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். "இருக்கு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. தாரணி வீட்டு அடுப்பில் சுசீலா வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருந்தாள். ரக்ஷனா தயிரைக் கடைந்தாள், அல்லது கடைவதுபோல நின்றுகொண்டிருந்தாள். ஆறாவது வாரத்திலேயே ஸ்கேன் படத்தைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டு, நூறு இதயம் வாங்கிய பெண் அவள். மூன்று மாதமாவது பொறுத்திருக்கலாம் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தபோது சுசீலா மட்டும், நல்லாப் போட்டே, எல்லாருக்கும் சொல்லு என்றாள்.

"பெரிம்மா, ஒண்ணு சொல்றேன். சத்தம் போடக் கூடாது," என்றாள் ரக்ஷனா, ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு. "நெக்ஸ்ட் வீக் கிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். இத வேணாம்னு."

கரண்டி நின்றது. "எத வேணாம்னு?"

"பேபிய."

"ஜெய்க்குத் தெரியுமா? உன் புருஷனுக்காவது சொன்னியா?"

"இல்ல. சொன்னா அழுவாரு. பெரிம்மா, எனக்கு ட்வென்ட்டி எய்ட். அம்மாவுக்கு வந்த மாதிரி எனக்கும் வந்தா, இது ஸ்கூல் முடிக்கிறதுக்குள்ள நான் இதோட பேர மறந்துடுவேன். அப்புறம் இதுக்கும் வரும். எல்லாத்தையும் தெரிஞ்சுகிட்டே எப்படிப் பெத்துக்கிறது?"

"ரத்த டெஸ்ட் வரட்டும்டி."

"டூ மன்த்ஸ். அதுக்குள்ள இது அசைய ஆரம்பிச்சிரும். அப்ப என்னால முடியாது. இப்பவே முடியல." தயிர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெங்காயம் அடிப்பிடித்தது. சுசீலா அடுப்பை அணைத்தாள். ஐம்பது வருடமாகச் சொல்லாததற்கு ஆயிரம் சாக்கு இருந்தது. இந்தப் பெண் முன்னால் ஒன்றுகூட நிற்கவில்லை. சொல்லாமல் இருந்தால் இன்னொரு பிள்ளைக்கும் தானே பொறுப்பு என்று அவளுக்குப் பட்டது.

"ஹாலுக்கு வா," என்றாள். "உங்கம்மா முன்னாடிதான் சொல்லணும்."

தாரணி சாப்பாட்டு மேசையில் புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள். சுசீலா எதிரே உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள். நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரியும். இருட்டறை, பிடிக்கிற வேலை, ஒரே அங்கி, முறை, முதுகு வலி என்று சொன்ன பொய். "தெரிஞ்சே போட்டுக்கிட்டேன். உங்கம்மா வயித்துல நீ இருக்கேன்னு தெரிஞ்சே. எங்கிட்ட மறைக்கிறாளேன்னு ஆத்திரம். கேட்டாக் குடுக்கலாம்னு இருந்தேன். அவ கேக்கல. பொறாமையும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

சிதறிய புதினா இலைகளை ஒருபக்கமாகக் கூட்டிக்கொண்டே சுசீலா மேலும் சொன்னாள்.

"அதனாலதான் உனக்கு இப்படின்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன். அன்னைக்குக் கேட்டப்ப மறைச்சதும் நான்தான்."

ரக்ஷனாதான் முதலில் பேசினாள். வார்த்தை முந்திக்கொண்டு வந்தது. "அப்ப... அப்ப இது ஃபேமிலில வர்றது இல்ல? வெளியில இருந்து வந்தது. அம்மாவுக்கு மட்டும் பட்டது. எனக்கு இல்ல. பேபிக்கு இல்ல."

"இருக்கலாம்டி. நிச்சயமாத் தெரியாது. டெஸ்ட்டு..."

"தெரியுது பெரிம்மா, தெரியுது, டெஸ்ட் வரட்டும். பட் ஒரு ரீசன் இருக்குல்ல? பாதி சான்ஸ் போதும். நான் அடுத்த வாரம் போகல." மேசையைச் சுற்றி வந்து சுசீலாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தேங்க்ஸ் பெரிம்மா. தேங்க்ஸ். சொன்னீங்களே."

காறித் துப்புவாள் என்று எதிர்பார்த்திருந்தாள் சுசீலா. அதற்குத் தயாராகத்தான் வந்து உட்கார்ந்தாள். இந்த நன்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தோளில் விழுந்த அந்தக் கையை விலக்கவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் முடிச்சிட்டீங்களா?" என்றாள் தாரணி.

ரக்ஷனா நிமிர்ந்தாள். "சாரிம்மா. ஆர் யூ ஓகே?"

"நான் இன்னும் இங்கதான் உக்காந்திருக்கேன். போயிடல." புதினாக் காம்பை ஒடித்துத் தனியே போட்டாள். குரலில் கோபம் இல்லை. "பெரிம்மா, ஒண்ணு கேக்கணும். அந்த அங்கி கத இருக்கட்டும். அம்மா சொல்லல, நீங்க குடுக்கல, ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு. இதனால பிள்ளைக்குப் படிப்பு ஏறாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ... ப்ரைமரி டூ படிக்கிறப்ப. ஒரு கிளாஸ்ல சொன்னாங்க."

"ப்ரைமரி டூ." தாரணி அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். "ஏழாம் வாய்ப்பாடு வராதுன்னு அம்மா ரூலர்ல அடிப்பாங்க. கல் உப்பு மேல முட்டி போட வைப்பாங்க. கழுத, மண்டையில களிமண்ணா இருக்குன்னு திட்டுவாங்க. அம்மாவுக்குத் தெரியாது, திமிருன்னு நெனச்சாங்க. நீங்க அந்த சோபாவுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருப்பீங்க. போதும்டி சிவகாமி, விடுடின்னு சொல்வீங்க. அப்புறம் என்னைக் கீழ கூட்டிட்டுப் போயி ஐஸ் கச்சாங் வாங்கித் தருவீங்க. செவப்புச் சர்பத் நெறைய ஊத்தச் சொல்லி. எனக்கு இந்த உலகத்துலயே உங்களத்தான் ரொம்பப் பிடிக்கும்."

"தாரணி..."

"அப்பவே சொல்லியிருந்தா அந்த அடியாச்சும் விழுந்திருக்காதுல்ல பெரிம்மா? நான் மக்கு இல்லன்னு எனக்காச்சும் தெரிஞ்சிருக்கும்ல?"

இந்தக் கேள்வியைச் சுசீலா ஒரு நாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அங்கியையே நினைத்து நினைத்து மாய்ந்து போனவளுக்கு, ஐஸ் கச்சாங் ஒரு பாவமாகத் தோன்றியதே கிடையாது. அது ஒன்றுதான் தன் பக்கத்து நியாயம் என்றுகூட வைத்திருந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தாரணி அவளைத் தேற்றவில்லை. ஆய்ந்த புதினாவை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு மகளிடம் நீட்டினாள். "போயி அலசிட்டு வா. வெங்காயம் தீஞ்ச வாட வருது, வேற வதக்கணும். உனக்குப் பசிக்கும்."

ரக்ஷனா உள்ளே போனதும் தாரணி மேசைக்கு மேல் சாய்ந்து, சுசீலாவின் முகத்திலிருந்து முந்தானையை விலக்கினாள்.

"இங்க பாருங்க. நேத்துக் கறி வாங்குனது இன்னைக்கு எனக்கு ஞாபகம் இல்ல. இதுவும் போயிடும். ஒரு வாரத்துல போகுமோ, ஒரு மாசத்துல போகுமோ. போயிருச்சுன்னா நான் மறுபடியும் பெரிம்மா பெரிம்மான்னு உங்க பின்னாடியே வருவேன்."

"ம்."

"அப்ப மறுபடியும் சொல்லணும். இப்பச் சொன்ன மாதிரியே, முழுசா. ஒவ்வொரு தடவையும்."

சுசீலா அவளையே பார்த்தாள். அந்தக் கண்களில் மறதி துளியும் இல்லை.

"சொல்றேம்மா," என்றாள்.